கல்மண்டபத்துக் கடைக்கு வரும் ஏபிகே

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகும் வழியில், ஒரு ஷட்டர் அகலத்துக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. கடைக்காரர் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நோக்கியா 1100 காலத்தில் தொழில் பழகியவர். கடலோரத்துக் கடைக்கென்றே சில வேலைகள் உண்டு. படகில் போய்வரும் போன்களின் சார்ஜிங் பின்னில் உப்பு பூத்துப் பச்சை பிடித்திருக்கும். பழைய டூத்பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பின் வளையாமல் அதைத் தேய்த்தெடுக்கிற கை அவருக்கு. ஆனால் இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப்பேர் போனைக் கழற்றச் சொல்லி வருவதில்லை. "அண்ணா, இந்த ஆப்ப ஏத்திக் குடு", "அண்ணா, இந்த ஆப் போவே மாட்டேங்குது, எடுத்து விடு" என்றுதான் வந்து நிற்கிறார்கள்.

ஆப் ஏற்றுவதும் எடுப்பதும் அவருடைய தொழிலில் சரிபாதி ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய போனில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை யார் முடிவு செய்வது என்று டெல்லியிலும் பிரஸ்ஸல்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கண்ணாடி மேஜைமேல் தினமும் வந்து விழுகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை ஒரு ஜிபி டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆகும். பிளே ஸ்டோரிலிருந்து ஒரு ஆப்பை இறக்குவதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். அதனால் கடைக் கம்ப்யூட்டரில், ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்ற உதவும் ஏபிகே ஃபைல்களுக்கென்றே தனி ஃபோல்டர் இருந்தது: வாட்ஸ்அப், எம்எக்ஸ் பிளேயர், யூசி பிரவுசர், ஷேர்இட். மெமரி கார்டில் பாட்டு ஏற்றும்போது கூடவே இவையும் ஏறும். அதற்கு செக்யூரிட்டி செட்டிங்கில் 'அன்நோன் சோர்சஸ்' என்ற ஒரே சுவிட்சைப் போட்டால் போதும். போட்டுவிட்டால் அதன்பின் எந்த வழியாக எது வந்தாலும் போன் ஏற்றுக்கொள்ளும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 அந்த ஒற்றைச் சுவிட்சைத் தூக்கிவிட்டு, குரோம் வழியாக ஏற்றலாமா, வாட்ஸ்அப் வழியாக ஏற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க ஆரம்பித்தது. ஆண்ட்ராய்டில் பாதுகாப்புக்காகச் செய்தவற்றில் உருப்படியானது இதுதான் என்பது கடைக்காரரின் கருத்து. யாருடைய உரிமையிலும் அது கைவைக்கவில்லை. எந்த வழி திறந்து கிடக்கிறது என்று போன் வைத்திருப்பவருக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

அந்த ஒரு திரையைப் பார்த்தே இன்று அவர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் அக்கா ஒருவர் மத்தியான வெயிலில் வந்து போனை நீட்டினார். "தம்பி, கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. தெரிஞ்சவங்க நம்பருதான். தொட்டேன், ஒண்ணும் வரல. பேங்குல இருந்து மெசேஜும் வரல. இப்ப போயி கேட்டா காசு இல்லன்றாங்க." கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் சிம்மைக் கழற்றினார், வைஃபையை அணைத்தார். தன் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்து அக்காவையே பேசவைத்தார். சைபர் மோசடியில் முதல் ஒரு மணி நேரம் போனால் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். அதன்பிறகுதான் செட்டிங்ஸுக்குள் போனார். வெளியிலிருந்து ஆப் ஏற்றும் அனுமதிப் பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு நேராக 'ஆன்' என்று இருந்தது. மெசேஜ் பார்க்கும் வேலை போனோடு வந்த ஆப்பிடமிருந்து வேறொன்றுக்குக் கைமாறியிருந்தது. பேங்க் அனுப்பிய எஸ்எம்எஸ் அக்காவின் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான். ஓடிபி உட்பட எல்லாமே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. முகப்பில் அந்த ஆப்புக்கு ஐகான் கிடையாது. ஆப் பட்டியலின் அடியில், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக ஒரு வரி. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தது, ஏனென்றால் அது 'டிவைஸ் அட்மின்' அதிகாரத்தையும் வாங்கி வைத்திருந்தது. சேஃப் மோடில் போனைக் கிளப்பி, முதலில் அந்த அதிகாரத்தைப் பிடுங்கி, பிறகு ஆப்பை எடுத்தார். யுபிஐ பின்னையும் மற்ற பாஸ்வேர்டுகளையும் வேறொரு போனிலிருந்து மாற்றவைத்தார். எதிர்முனைக் கணக்கில் மிச்சம் கிடந்த தொகை மட்டும் முடக்கப்பட்டது.

கல்யாணப் பத்திரிகை ஒரு வேஷம். டிராஃபிக் சலான், பிஎம் கிசான், மின் கட்டணப் பாக்கி, பேங்க் ரிவார்டு பாயின்ட் என்று வேஷங்கள் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இவற்றைப் பற்றி எச்சரித்தபடியே இருக்கிறது. இணையத்திலிருந்து நேரடியாக ஏற்றப்படும் ஆப்களில் பிளே ஸ்டோரில் இருப்பதைப்போல 50 மடங்குக்கு மேல் மால்வேர் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. அது அந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. இருந்தாலும் கல்மண்டபத்துக் கடைக்காரர் அதோடு சண்டைக்குப் போவதில்லை. பணம் பறிகொடுத்து அவரிடம் வந்த போன்களில் பெரும்பாலானவை இந்த வழியில் கெட்டவையே. மென்பொருள் சுதந்திரம் பேசுகிறவர்கள் முதலில் இந்த அக்காவின் போனைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் அவரிடம் வந்த வேறு சில போன்கள் இன்னொரு கதை சொல்கின்றன.

2020 ஊரடங்கில் வேலை போன பையன்கள் பலர் கடன் ஆப் வைத்திருந்தார்கள். ஐயாயிரம் கேட்டால் கையில் வருவது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாள் முழுசாகத் திருப்ப வேண்டும். ஒரு நாள் தவறினால் போனில் உள்ள எல்லா நம்பருக்கும் 'இவன் திருடன்' என்று மெசேஜ் போகும்; கேலரியிலிருந்து எடுத்த படத்தை ஆபாசமாக ஒட்டி மாமனாருக்கும் மேஸ்திரிக்கும் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு பையன் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தலைநிமிரவே இல்லை. அந்த ஆப் வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே அல்ல. பிளே ஸ்டோரில், நல்ல ரேட்டிங்கோடு, முறையாக உட்கார்ந்திருந்த ஆப். 2021 ஜனவரியில் சென்னைப் போலீஸார் பெங்களூருவுக்குப் போய் இரண்டு சீனர்களைக் கைதுசெய்தபோதுதான் இந்தத் தொழிலின் அளவு ஊருக்குத் தெரிந்தது. 2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கடன் ஆப்களைக் கூகுள் நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கப்பட்டவை அத்தனையும் ஒருகாலத்தில் ஸ்டோரின் சோதனையைத் தாண்டி உள்ளே வந்தவைதானே?

கேம்ஸ்கேனரையும் இந்த வரிசையில் வைக்கலாம். சர்டிஃபிகேட்டையும் ரேஷன் கார்டையும் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்க, சென்னையில் அதை வைத்திருக்காத மாணவர் இல்லை என்கிற அளவுக்குப் பரவிய ஆப். பிளே ஸ்டோரில் பத்துக் கோடிக்கும் மேல் இறக்கப்பட்டது. அதன் விளம்பரப் பகுதிக்குள் மால்வேர் ஒளிந்திருப்பதை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டோர் அதை நீக்கியது, பிறகு சுத்தம் செய்த பதிப்பு திரும்ப வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று.

கடன் ஆப் தொல்லை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தனிநபர் கடன் தரும் ஆப்கள் கான்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் தொடவே கூடாது என்று 2023 மே 31 முதல் கூகுள் விதி போட்டது. மிரட்டலுக்கான ஆயுதமே கையை விட்டுப் போனது. ஆப்பை எழுதியவன் யார், எந்த ஊர் என்ற கேள்விகளைவிட, அது போனுக்குள் எதைத் தொடுகிறது என்ற கேள்வி அதிகம் வேலை செய்தது. ஆண்ட்ராய்டு 13-லும் இதே புத்தி இருக்கிறது: வெளியிலிருந்து ஏற்றிய ஆப், திரையையே படித்து இயக்கவல்ல 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்டால் சட்டென்று கிடைக்காது, செட்டிங்ஸுக்குள் போய்த் தனியாகத் திறந்துவிட வேண்டும். கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் 2024-ல் சிங்கப்பூரில் சோதித்து, பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்த தடுப்பும் இந்த ரகம்தான். எஸ்எம்எஸ், நோட்டிஃபிகேஷன், ஆக்சஸிபிலிட்டி ஆகியவற்றைக் கேட்கும் ஆப், பிரவுசர் வழியாகவோ மெசேஜ் வழியாகவோ வந்தால் ஏறவிடாது. கல்யாணப் பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அதைக் கேட்கவேண்டிய இடமும் அதுதான்.

இனி சுதந்திரத்தின் கணக்கு. அதுவும் இதே மேஜைமேல்தான் இருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்பது இந்தப் பகுதியில் எல்லோரும் பார்ப்பது. வெளி மாநிலம் போய்வரும் டிரைவர்கள் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிற மேப் கேட்பார்கள். கடைக்காரர் ஏற்றிக்கொடுப்பது ஆஸ்மேண்ட். பிளே ஸ்டோரில் கிடைக்கும் அதன் இலவசப் பதிப்பில் சில மேப்கள்தான் இறக்கலாம், அதற்குமேல் காசு. எஃப்-டிராய்டில் அதே ஆப் வரம்பில்லாமல் கிடைக்கிறது. 2010-ல் கியாரன் கல்ட்னீக்ஸ் தொடங்கிய எஃப்-டிராய்டு, சுதந்திர மென்பொருளை மட்டும் வைத்திருக்கும் ஸ்டோர். அங்கே கணக்குத் தொடங்க வேண்டாம், ஜிமெயில் வேண்டாம். பெரும்பாலும் மூல நிரலை எடுத்து அவர்களே ஆப்பாகக் கட்டுகிறார்கள். விளம்பரமோ உளவோ இருந்தால் ஆப்பின் பக்கத்திலேயே குறிப்பு போட்டுவிடுவார்கள். தமிழ்99 விசை அமைப்புள்ள இண்டிக் கீபோர்டு அங்கே கிடைக்கிறது. தட்டுவதையெல்லாம் பார்க்கும் கீபோர்டு எழுதப்பட்ட விதத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

குறையும் உண்டு. புதுப் பதிப்புகள் அங்கே தாமதமாகத்தான் வரும். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பு தாமதமானால் அது ஆபத்து. பேங்க் ஆப், யுபிஐ ஆப் எதுவும் அங்கே கிடையாது. அதற்குப் பிளே ஸ்டோர்தான். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் இரண்டையும் சொல்லிவிடுகிறார்.

பழைய போன் வைத்திருப்பவர்களின் பாடு வேறு. 'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று பிளே ஸ்டோர் சொன்னதும் அவர்கள் போனைக் குப்பை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். விஎல்சி பிளேயரை எழுதும் வீடியோலேன் அமைப்பு தன் தளத்திலேயே பழைய பதிப்புகளை வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பும் தன் தளத்தில் ஏபிகே தருகிறது. எழுதியவரின் தளத்திலிருந்தே இறக்கி ஏற்றினால் பழைய போனும் இன்னும் சில வருஷம் ஓடும். இப்படி ஏற்றுவதற்கு இருக்கும் வழியை மூடிவிட்டால், போனை வாங்கியவருக்கு அதில் என்ன பாத்தியதை மிச்சம்?

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தவரும் ராயபுரத்துக்காரர்தான். பாரத் மேட்ரிமோனியின் நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் இந்தப் பகுதியில் வளர்ந்து, எம்சிஏ படித்து, அமெரிக்கா போய்த் திரும்பி வந்து தொழில் கட்டியவர். கூகுளோடு அவருடைய மேட்ரிமோனி.காம் மோதுவது புதிதல்ல. தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று 2012-ல் அந்த நிறுவனம் தொடுத்த புகாரில்தான் 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த சண்டை பிளே ஸ்டோர் கட்டணம் பற்றியது. ஆப்புக்குள் நடக்கும் விற்பனையில் கூகுளின் பேமென்ட் முறைக்கு அப்போது 15 முதல் 30 சதவீதம். வேறு முறையை வைத்துக்கொண்டாலும் 11 அல்லது 26 சதவீதம். மேட்ரிமோனியும் வேறு நிறுவனங்களும் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. மார்ச் 1, வெள்ளிக்கிழமை, பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி ஆகிய ஆப்கள் பிளே ஸ்டோரில் இல்லை. இந்திய இணையத்துக்கு இது கறுப்பு நாள் என்றார் முருகவேல். மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டபின், சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்தன.

அந்த வாரக் கடைசியில் கல்மண்டபத்துக் கடைக்கும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். புதுப் போனில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் ஆப் கிடைக்கவில்லை. போலி ஆப்பா, வைரஸா, அதனால்தான் எடுத்துவிட்டார்களா என்பது அவர்களுடைய பயம். அந்த ஆப்பில் பாதுகாப்புக் குறை என்று யாரும் சொல்லவில்லை. தகராறு கமிஷனில். ஆனால் மால்வேரைத் தூக்கி எறியும் அதே கைதான் கமிஷன் கட்டாதவரையும் தூக்கி எறிகிறது. வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு அதிகாரமும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இந்த விவகாரத்தின் வேர்.

அந்த அதிகாரம் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும்கூட வசதியாகிவிடுகிறது. 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கை இறக்கத் தடைவிதிக்கச் சொன்னது. இரண்டு வாரத்தில் இரண்டு ஸ்டோர்களிலிருந்தும் அது மறைந்தது. ஏப்ரல் 24-ல் தடை விலகியது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி ஆப் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காரணமாகச் சொன்னது பாதுகாப்புதான். எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் கட்டாயத்தைக் கைவிட்டது. திருடுபோன போனை முடக்க அந்த ஆப் உதவும் என்பதைக் கடைக்காரர் அறிவார். கேட்டு வருகிறவர்களுக்கு ஏற்றியும் தருகிறார். கேட்காதவர் போனில் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி.

போட்டி ஆணையம் இதில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2022 அக்டோபர் 20 உத்தரவில் 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தோடு, ஆப் எழுதுகிறவர்கள் ஸ்டோருக்கு வெளியே அதை நேரடியாக வழங்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது, மற்ற ஸ்டோர்களையும் பிளே ஸ்டோர் வழியாகக் கிடைக்கவிட வேண்டும் என்றும் சொன்னது. 2023 மார்ச் 29-ல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த இரண்டு கட்டளைகளையும் ரத்து செய்தது. பணத்தைக் கட்டிவிடலாம், வழியைத் திறக்க வேண்டாம் என்றாகிவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

இதற்கிடையில் 2025 ஆகஸ்டில் கூகுளின் புது அறிவிப்பு வந்தது. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்றப்படும் ஆப் எந்த ஸ்டோரிலிருந்து வந்தாலும், எந்த ஸ்டோரும் இல்லாமல் வந்தாலும், எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027-லிருந்து மற்ற நாடுகள். எழுதுகிறவர்களைக் கூகுளிடம் போய்ப் பதியச் சொல்லத் தங்களால் முடியாது, இது வந்தால் தங்கள் ஸ்டோரே நிலைக்காது என்றது எஃப்-டிராய்டு. எதிர்ப்பு வலுத்தபின் நவம்பரில், விஷயம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஏற்றிக்கொள்ளத் தனி வழி இருக்கும், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனிக் கணக்கு இருக்கும் என்று கூகுள் இறங்கி வந்தது.

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பதிவு விதியின் கோளாறு எளிதில் புரியும். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று கஸ்டம்ஸ் பார்ப்பது வேறு. டிரெய்லர் டிரைவரின் அடையாள அட்டையை மட்டும் பார்த்து உள்ளே விடுவது வேறு. கடன் ஆப் நடத்தியவர்களிடம் பதிவுபெற்ற கம்பெனிகள் இருந்தன, டைரக்டர்கள் இருந்தார்கள், வாடகைக்கு எடுத்த ஆதார் அட்டைகள்கூட இருந்திருக்கும். மாட்டிக்கொள்ளப்போவது ஏமாற்றுக்காரன் அல்ல.

யார் மாட்டுவார் என்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். தண்டையார்பேட்டைப் பக்கம் பாலிடெக்னிக் படிக்கும் பெண் ஒருவர், அப்பாவின் படகுக் கணக்குக்காக ஒரு ஆப் எழுதினார். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஏலத்தில் வந்தது எவ்வளவு, ஆளுக்குப் பங்கு எவ்வளவு. எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். பிளே ஸ்டோரில் போட 25 டாலர். அதுகூடப் பரவாயில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாட்கள் தொடர்ந்து சோதித்துப் பார்த்தபிறகே வெளியிட அனுமதி. முதலில் 20 பேர் என்று இருந்ததை இறக்கியிருக்கிறார்கள். "அண்ணா, அப்பாவோட போட்டுல இருக்கறதே ஏழு பேரு. நான் பன்னெண்டு பேருக்கு எங்க போவேன்?" என்றார். ஏபிகேவாக அனுப்பினார். கடைக்காரர் அந்தப் போன்களில் ஏற்றிக்கொடுத்தார். எஸ்எம்எஸ் கேட்கவில்லை, கான்டாக்ட்ஸ் கேட்கவில்லை, இன்டர்நெட்கூடக் கேட்கவில்லை. அக்காவின் பணத்தை எடுத்த ஃபைலுக்கும் இந்த ஃபைலுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது; கேட்கும் அனுமதிகளைப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கடைக்காரர் வேண்டுவது அந்த அரை நிமிஷத்தை எல்லோருக்கும் கொடுக்கும் ஒரு திரை. இப்போது வரும் எச்சரிக்கை, நல்ல ஆப்புக்கும் கெட்ட ஆப்புக்கும் ஒரேமாதிரி 'தீங்கு விளைவிக்கலாம்' என்கிறது. பத்துத் தடவை பார்த்தபின் யாரும் படிப்பதில்லை. 'இது உங்கள் பேங்க் மெசேஜைப் படிக்கப் பார்க்கிறது' என்று நல்ல தமிழில், அக்காவுக்குப் புரிகிற மாதிரி, தேவைப்பட்டால் சத்தமாக வாசித்துக்காட்டியும் சொல்லலாம். போன் பேசிக்கொண்டிருக்கும்போது இப்படிப்பட்ட ஆப் ஏறினால் ஒரு நாள் நிறுத்திவைக்கலாம். மோசடிக்காரனின் பிழைப்பே அவசரப்படுத்துவதில்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பிறகு, ஆபத்தான எதையும் கேட்காத ஆப்பை, யாரிடமும் பெயர் பதியாமல் எழுதவும் ஏற்றவும் வழி இருக்க வேண்டும்.

2027 தொலைவில் இல்லை. அந்த நவம்பர் அறிவிப்பில் சொன்ன தனி வழி எத்தனை படிகள், மாணவர் கணக்கில் எத்தனை போன்கள், எஃப்-டிராய்டு மாதிரி ஸ்டோர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் இந்தியாவில் இந்த விதி வருவதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். போட்டி ஆணையத்துக்கு அதைக் கேட்கும் அதிகாரம் இருக்கிறது. மின்னணு அமைச்சகத்துக்கு இருக்கிறது. மீனவர்களுக்கென ஆப்கள் வெளியிட்டு வரும் தமிழ்நாடு அரசுக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கிறது. தண்டையார்பேட்டைப் பெண்ணின் ஆப்பில் இப்போது வலைக் கடன் கணக்கும் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது பதிப்பு இந்த வாரம் கடைக்கு வந்தது, ஏழு போன்களில் ஏற்ற வேண்டும்.